பூர்வீக வீட்டின் முதுமரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு முற்றத்திலோ கொல்லையிலோ மூன்று நான்கு தலைமுறைகளாக நிற்கும் ஒரு மரத்தைக் காப்பாற்ற விரும்பும் குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பெரும்பாலான செய்திகள் எந்த வகை மரத்துக்கும் பொருந்தும். வகைக்கு வகை மாறுபடும் இடங்கள் அங்கங்கே சுட்டப்பட்டுள்ளன. முதுமரத்துக்கு நேரும் கேடுகளில் பல, அதன்மேல் வைத்த அக்கறையால் செய்யப்பட்ட வேலைகளிலிருந்தே தொடங்குகின்றன என்பது இப்பதில்களை எழுதியவரின் எண்ணம். எனவே எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு மிகுதியாகப் பேசப்படுகிறது.

கேள்வி: மரத்தை வெட்டாமல் அதன் வயதை எப்படி அறிவது?

முதலில் தேட வேண்டிய இடம் மரமன்று, வீட்டிலுள்ள பழைய பெட்டிதான். நிலப் பத்திரங்களில் எல்லையைக் குறிக்கும்போது மரங்கள் குறிப்பிடப்பட்டிருக்கலாம். பழைய புகைப்படங்களின் பின்னணியில் அதே மரம் இளமரமாக நிற்கக்கூடும். ஆண்டு தெரிந்த ஒரே ஒரு புகைப்படம், எந்தக் கணக்கீட்டையும்விட உறுதியான சான்று.

அதற்கு அடுத்த வழி சுற்றளவை அளப்பது. தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில், கயிறு தொய்யாமலும் சாயாமலும் அடிமரத்தைச் சுற்றி அளக்க வேண்டும். பிரிட்டனின் மரவியல் அறிஞர் ஆலன் மிட்செல், ஆயிரக்கணக்கான மரங்களை அளந்து பார்த்து, திறந்த வெளியில் முழுத் தழைப்போடு நிற்கும் மரம் சராசரியாக ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் சுற்றளவு கூடுகிறது என்றும், தோப்பில் நெருக்கமாக நிற்கும் மரம் அதில் பாதியளவே கூடுகிறது என்றும் ஒரு பொதுக் கணக்கை வகுத்தார். அதன்படி 300 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம், தனித்து நின்றால் ஏறத்தாழ 120 ஆண்டும், நெருக்கத்தில் வளர்ந்திருந்தால் ஏறத்தாழ 240 ஆண்டும் கண்டிருக்கும். இது மிதவெப்ப நாட்டு மரங்களை வைத்துப் போட்ட கணக்கு. வெப்ப நாடுகளில் வேகமாகப் பருக்கும் மரங்களுக்கு இதை அப்படியே பொருத்தினால், வயது உள்ளதைவிடப் பல மடங்கு கூடிப்போகும். ஊரார் சொல்லும் “ஐந்நூறு ஆண்டு மரங்கள்” பலவற்றின் வயது, மரத்தின் பருமனைக் கண்டு வியந்து சொன்னதாகவே இருக்கக்கூடும்.

கேள்வி: ஆண்டு வளையங்களை எண்ணுவதுதானே சரியான வழி?

மரம் அதற்கு இடம் கொடுத்தால் அதுவே சரியான வழி. அமெரிக்க வானியலாளர் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளையங்களின் அகலத்தை ஒப்பிட்டுக் காலம் கணிக்கும் முறையை ஓர் அறிவியலாகவே வளர்த்தெடுத்தார். கலிபோர்னியாவின் வெள்ளை மலைத்தொடரில் நிற்கும் மெத்துசலா என்னும் பைன் மரம் 4,800 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பது இம்முறையால்தான் தெரிந்தது. ஆனால் பருவ வேறுபாடு குறைந்த வெப்ப நாடுகளில் பல மரங்கள் தெளிவான ஆண்டு வளையம் இடுவதில்லை. தேக்கு போன்ற சில வகைகளே இதற்கு விலக்கு.

மரத்தை வெட்டாமல் வளையம் எண்ணுவதற்கென, பென்சில் தடிமனில் ஒரு குச்சியைப் போல உள்மரத்தைத் துளைத்தெடுக்கும் கருவி உண்டு. முதுமரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் உளுத்திருக்கும் என்பதால் முதல் ஐம்பது நூறு ஆண்டுகளின் வளையங்கள் கிடைக்காமலே போகும். துளைத்த இடமோ நிரந்தரக் காயமாக நிற்கும். வயதை அறியும் ஆவலுக்காக மட்டும் நேசிக்கும் மரத்தில் துளையிடுவது தேவையற்றது என்றே கருதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு வயதான மரம் இன்னும் வளருமா?

வளரும். 2014-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு 403 வகை மரங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றில் 97 விழுக்காட்டு வகைகளில் மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுதோறும் அது சேர்க்கும் மொத்த எடையும் கூடுகிறது என்று கண்டது. உயரம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதால் வளர்ச்சியே நின்றுவிட்டது போல நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அடிமரமும் கிளைகளும் ஆண்டுக்கு ஒரு புதுப் படலத்தைப் போர்த்திக்கொண்டே இருக்கின்றன.

மிக முதிர்ந்த மரம் வேறொரு வேலையும் செய்யும். உச்சிவரை நீரேற்றுவது கடினமாகும்போது நுனிக் கிளைகளைக் காயவிட்டு, கீழ்க் கிளைகளில் புதுத் தழைப்பை உண்டாக்கித் தன்னைக் குறுக்கிக்கொள்ளும். உச்சியில் மான்கொம்பு போல மொட்டைக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றின் கீழே இலைகள் அடர்ந்து பச்சையாக இருந்தால், அது சாவின் அறிகுறியாக இருக்க வேண்டியதில்லை. அந்த நிலையிலேயே பல பத்தாண்டுகள் வாழும் மரங்கள் உண்டு. மாறாக, உச்சி காயும்போதே கீழ் இலைகளும் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, வெளிறி, பருவத்துக்கு முன்பே உதிர்ந்தால் வேர்ப்பகுதியில் கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: சிறுவயதில் அடித்த ஆணி மேலே போயிருக்குமா?

போகாது. மரம் நுனிகளில்தான் நீள்கிறது. அடிமரம் பருக்குமே தவிர மேலெழும்பாது. 50 ஆண்டுகளுக்கு முன் மார்பளவில் அடித்த ஆணி இன்றும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆனால் பட்டை அதை விழுங்கியிருக்கும். எந்த இடத்தில் ஆணியோ கம்பியோ உள்ளே போயிற்று என்பதைக் குடும்பத்தில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி வைப்பது நல்லது. என்றேனும் ஒரு நாள் ரம்பம் பிடிப்பவருக்கு அது பேருதவியாகும்.

கேள்வி: அடிமரத்தில் பெரிய பொந்து இருக்கிறது. மரம் விழுந்துவிடுமா?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அவசரப்பட்டு மரத்தை வெட்டச் செய்யும் கேள்வியும் இதுவே. மரத்தின் உயிரோட்டம் நடுவில் இல்லை. பட்டைக்கு உட்புறத்திலும் அதையடுத்த வெளிறிலும்தான் நீரும் சத்தும் ஓடுகின்றன. நடுவிலுள்ள வைரம் என்னும் உள்மரம் ஏற்கெனவே உயிரற்ற திசு. அது உளுத்துப்போவதால் மரத்துக்குப் பசியோ தாகமோ உண்டாவதில்லை.

மீதியிருப்பது வலிமை பற்றிய கவலை. வளைவைத் தாங்கும் உறுதியில் பெரும்பங்கு உருளையின் வெளி விளிம்பிலிருந்தே வருகிறது. கணக்கின்படி, விட்டத்தில் பாதியளவுக்கு நடுவில் குடைவு இருந்தாலும் இழக்கப்படும் விறைப்பு பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 விழுக்காடுதான். குடைவு விட்டத்தின் பத்தில் ஏழு பங்காகும்போது இழப்பு 24 விழுக்காடாகிறது. அதற்குப் பிறகு இழப்பு விரைந்து ஏறுகிறது. ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக், விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் ஒப்பிட்டு, எஞ்சியிருக்கும் நல்ல மரச்சுவரின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும்போது எச்சரிக்கை தேவை என்றார். இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பிற்கால வல்லுநர்கள் திருத்தினர். பக்கவாட்டில் வாய் திறந்த பொந்து, மூடிய குடைவைவிட வலிமை குறைந்தது. உயரமான மரத்தைவிடக் குட்டையான, அகன்ற மரத்தின்மேல் காற்றின் நெம்புவிசை குறைவு. ஒரே பக்கம் கனத்த கொம்பு நீண்டிருந்தால் கணக்கே வேறு. நல்ல சுவரின் தடிமனைத் தட்டிப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். துல்லியமாக அறிய ஒலியலை செலுத்திப் பார்க்கும் கருவிகளும், மெல்லிய ஊசியைச் செலுத்தித் தடையை அளக்கும் கருவிகளும் மர வல்லுநர்களிடம் உண்டு.

பொந்தைவிட அடிவேர்ப் பகுதியில் முளைக்கும் காளான்களுக்கே நான் மிகுதியாக அஞ்சுவேன். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விசிறி போலக் கெட்டியாகப் படியும் காளான், தாங்கும் வேர்கள் உள்ளுக்குள் அழுகுகின்றன என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அத்தகைய மரம் பச்சைப் பசேலென்று தழைத்திருக்கும்போதே வேரோடு சாயக்கூடும்.

கேள்வி: பொந்தைச் சிமெண்டால் அடைக்கலாமா?

வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் இது ஒரு தொழிலாகவே நடந்தது, பின்னர் கைவிடப்பட்டது. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது, இரண்டுக்கும் நடுவில் விரிசல் விட்டு நீர் இறங்கித் தங்கும், அழுகல் விரைவாகும். அடைப்பதற்கு முன் பொந்தைச் சுரண்டித் துப்புரவு செய்வது அதைவிடத் தீங்கு, ஏனெனில் அழுகலைத் தடுக்க மரமே எழுப்பிய எல்லைச் சுவரை அது உடைத்துவிடுகிறது. தேங்கிய நீரை வெளியேற்றத் துளையிடுவதும் இதே காரணத்தால் தவறு. பொந்தில் ஆந்தையோ கிளியோ வௌவாலோ குடியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: வேர்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் போயிருக்கும்?

மேலே எவ்வளவு மரமோ கீழே அவ்வளவு வேர் என்று பலர் மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அது உண்மையன்று. முதிர்ந்த மரங்களில் ஆணிவேர் பெரும்பாலும் முதன்மையை இழந்துவிடுகிறது. பக்கவேர்களே மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 முதல் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. காரணம் எளிது: வேரும் மூச்சு விடுகிறது, அதற்கு வேண்டிய காற்று மேல்மண்ணில்தான் இருக்கிறது. பக்கவாட்டிலோ வேர்கள் கிளைகளின் நிழலைத் தாண்டி, அந்நிழலின் ஆரத்தைப் போல இரு மடங்கும் மும்மடங்கும் பரவுகின்றன. ஆகவே முதுமரம் என்பது அடிமரமும் கிளைகளும் மட்டுமன்று. முற்றம் முழுவதும், பல வேளைகளில் வேலிக்கு அப்பாலும், காலுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அது விரிந்து கிடக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: மரத்தைச் சுற்றி உட்கார மேடை கட்டவும், முற்றத்துக்குத் தரை போடவும் விரும்புகிறோம். செய்யலாமா?

அன்பால் நேரும் கேடுகளில் முதலிடம் இதற்குத்தான். வட்டமாகச் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, மேலே கல் பதிக்கும்போது மூன்று தீங்குகள் ஒரே நாளில் நடக்கின்றன. சுவரின் அடித்தளத்துக்காக வெட்டும் பள்ளம், அடிமரத்துக்கு அருகிலுள்ள தாங்குவேர்களை அறுக்கிறது. நிரப்பும் மண், ஒரு சாண் அளவே ஆனாலும், பழைய மேல்மண்ணிலிருந்த வேர்களுக்குக் காற்றை மறுக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஏறும் மண், எப்போதும் உலர்ந்திருக்க வேண்டிய பட்டையை ஈரத்திலேயே வைத்திருந்து அழுக வைக்கிறது. அடிமரம் தரையில் இறங்கும் இடத்தில் அகன்று விரிந்து காணப்பட வேண்டும்; கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் போனால், யாரோ எப்போதோ மண் ஏற்றியிருக்கிறார்கள் என்று அறியலாம்.

இதன் கொடுமை என்னவென்றால் விளைவு உடனே தெரிவதில்லை. மரத்திடம் சேமிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, சில வேளை பத்து ஆண்டு கழித்துத்தான் உச்சி காயத் தொடங்கும். அதற்குள் மேடை கட்டியது யாருக்கும் நினைவிராது. பூச்சியையோ வயதையோ குற்றம் சொல்வார்கள்.

உட்காரும் இடம் வேண்டுமெனில், தரையைத் தோண்டாமல் கால்களில் நிற்கும் இருக்கைகளைப் போடுங்கள். அடிமரத்துக்கும் இருக்கைக்கும் இடையில் மரம் பருக்க இடம் விடுங்கள். தரை போட்டே ஆக வேண்டுமெனில், தோண்டாமல், மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல், இடைவெளி விட்டுக் கற்களை வைத்துச் சரளையோ மணலோ இட்டு நீரும் காற்றும் இறங்கும்படி அமைக்கலாம். மரநிழலில் வண்டி நிறுத்தும் வழக்கம் இருந்தால் அதையும் விடுவது நல்லது. மண் ஒருமுறை இறுகிவிட்டால் தானாக இளகப் பல ஆண்டுகள் ஆகும்.

மேடை ஏற்கெனவே இருக்கிறது என்போர் ஒரே நாளில் இடித்துத் தள்ள வேண்டாம். புதிய மண்ணுக்குள் வேர்கள் ஏறியிருக்கக்கூடும். அடிமரத்தை ஒட்டிய மண்ணைக் கையாலும் சிறு கருவியாலும் மெல்ல விலக்கி, பழைய தரைமட்டம் எது என்று கண்டறிந்த பிறகு வல்லுநர் ஒருவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பானது.

கேள்வி: வீட்டை விரிவாக்க வேண்டியிருக்கிறது. மரத்திலிருந்து எவ்வளவு தூரம் விடுவது?

கட்டுமானத்தின்போது மரங்களைக் காப்பதற்கான பிரிட்டனின் தரநிலை, அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை, அதிகபட்சம் 15 மீட்டர் வரை, தொடக்கூடாத பகுதியாக வரையறுக்கிறது. மிக முதிய மரங்களுக்கு அங்குள்ள வழிகாட்டுதல் 15 மடங்கு கேட்கிறது. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு முதற்கணக்கின்படி 9.6 மீட்டரும், அதுவே முதுமரமானால் 12 மீட்டரும் ஆகும். அவ்வளவு இடம் எல்லோர் வீட்டிலும் இராது. இடமில்லாதபோது தொடர் அடித்தளத்துக்குப் பதிலாகத் தூண் அடித்தளம் இட்டு, வேர்களுக்கு மேலே பாலம் போலக் கட்டடத்தைத் தாங்கச் செய்யும் முறையைப் பொறியாளரோடு பேசலாம். எந்த வடிவமைப்பானாலும், வேலை தொடங்கும் முன்பே அந்த வட்டத்தைச் சுற்றித் தற்காலிக வேலி போடுவது மிக முதன்மையானது. செங்கல் அடுக்குவதும், சிமெண்ட் கலப்பதும், அதைக் கழுவிய நீரை ஊற்றுவதும் எப்போதும் மரநிழலில்தான் நடக்கும்.

எதிர்ப்பக்கக் கவலையும் உண்டு. வற்றினால் சுருங்கும் களிமண்ணில், மரம் நீரை உறிஞ்சுவதால் மண் இறங்கி அருகிலுள்ள சுவர் வெடிக்கலாம். அதற்காக மரத்தை வெட்டினால், பழையபடி நீரேறி மண் உப்பி, சுவர் மறுபடியும் வெடிக்கலாம். சுவர் விரிசலைக் கண்டதும் மரத்தின்மேல் பழிபோடாமல் மண்ணின் தன்மையை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர்க் குழாய்களைப் பொறுத்தவரை, வேர்கள் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு போவது அரிது. ஏற்கெனவே கசியும் இணைப்பைத் தேடித்தான் நுழைகின்றன.

கேள்வி: கிளைகளை எப்படிக் கழிப்பது?

இயன்றவரை குறைவாக. அமெரிக்க வனத்துறையின் நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, எண்ணற்ற மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, 1977-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: விலங்குகளின் புண் ஆறுவது போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதைத் தனிமைப்படுத்திவிட்டு, அதற்கு வெளியே புதிய மரம் வளர்கிறது. ஆகவே ஒவ்வொரு வெட்டும் மரத்துக்குள் நிரந்தரமாகத் தங்குகிறது.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். வெட்டு அந்தப் புடைப்புக்கு வெளியே, அதைத் தொடாமல் அமைய வேண்டும். அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் புடைப்பிலுள்ள தடுப்புத் திசு போய்விடும். கிளையின் அடித்துண்டை நீளமாக விட்டால் அது அழுகி உள்ளே வழிவிடும். கனத்த கிளையானால் முதலில் சற்றுத் தள்ளிக் கீழிருந்து பாதி அறுத்து, பிறகு அதற்கு வெளியே மேலிருந்து அறுத்து விழவிட்டு, கடைசியாக எஞ்சிய துண்டைச் சரியான இடத்தில் அறுத்தால் பட்டை உரியாது. வெட்டுவாயில் சாயமோ தாரோ பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. சில நாடுகளில் குறிப்பிட்ட பூச்சிவழி நோய்களுக்கு எதிராக மட்டும் அது பரிந்துரைக்கப்படுகிறது.

உச்சியை மொட்டையடிப்பது மட்டும் கூடவே கூடாது. உணவு தயாரிக்கும் இலைகள் ஒரே நாளில் போகின்றன. அதுவரை வெயில்படாதிருந்த பட்டை வெந்து வெடிக்கிறது. பிறகு கொத்துக் கொத்தாக எழும் துளிர்கள், உறுதியான பிடிப்பில்லாமல் அழுகும் வெட்டுவாயின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், சில ஆண்டுகளில் முன்பைவிட ஆபத்தாகின்றன. பாதுகாப்புக்காக மொட்டையடித்தோம் என்று சொல்வோர் ஆபத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

கேள்வி: எரு, நீர்?

எரு பெரும்பாலும் தேவையில்லை. மண் சோதனையில் குறை தெரிந்தாலன்றி இட வேண்டாம். நீண்ட வறட்சியில் மட்டும், அடிமரத்தருகே ஊற்றாமல், கிளைகளின் வெளி விளிம்புக்குக் கீழும் அதற்கு அப்பாலும் மெல்ல ஊறும்படி எப்போதாவது ஒருமுறை ஆழமாக நீர் விடலாம். மரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த, செலவற்ற உதவி, உதிரும் இலைகளைப் பெருக்கி எரிக்காமல் அங்கேயே மூடாக்காக விடுவதுதான். 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமன் போதும். அடிமரத்தைத் தொடாமல் இரு சாண் விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஊஞ்சல் கிளை இன்னும் தாங்குமா?

பச்சையான, கிடைமட்டமாக ஓடும், கவையில் வெடிப்பில்லாத கிளையானால் தாங்கலாம். பெரியவர் ஒருவர் ஆடும்போது கிளைமேல் விழும் விசை அவர் எடையைவிடக் கூடுதல் என்பதை மறக்க வேண்டாம். கயிற்றையோ சங்கிலியையோ கிளையைச் சுற்றி இறுகக் கட்டி ஆண்டுக்கணக்கில் விட்டால், கிளை பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்து சத்தோட்டத்தை நெரித்துவிடும். அகன்ற பட்டையைத் தளர்வாகக் கட்டி அவ்வப்போது இடம் மாற்றலாம். நிரந்தர ஊஞ்சலுக்குக் கிளையின் ஊடே ஒரே துளையிட்டு மறையாணி பொருத்துவது, பார்க்கக் கொடுமையாகத் தோன்றினாலும், சுற்றிக் கட்டுவதைவிடக் குறைந்த தீங்கு.

கேள்வி: மரம் சாய்ந்திருக்கிறது. முட்டுக் கொடுக்க வேண்டுமா?

இளமையிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ற மரத்திசுவைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அதன் நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். அண்மையில் ஏற்பட்ட சாய்வோ, எதிர்ப்பக்க மண்ணில் வெடிப்போ மேடோ கண்டால் அன்றே ஆட்களை விலக்கி வல்லுநரை அழைக்க வேண்டும். பிளவுபடக்கூடிய கவைகளை எஃகு வடத்தால் பிணைப்பதுண்டு. வடம் பொதுவாகக் கவையிலிருந்து உச்சிவரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பொருத்தப்படும். முட்டும் வடமும் பொருத்தியதோடு முடியும் வேலைகள் அல்ல, காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டியவை. ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பால் புகழ்பெற்ற யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த இடத்தின் பின்புறத் தோட்டத்து மரத்துக்கு 2008-இல் எஃகுச் சட்டம் அமைத்துத் தாங்கினார்கள். 2010 ஆகஸ்ட் 23-இல் வீசிய காற்றில் அது முறிந்தது. காளானால் உள்ளே அழுகிய மரத்தை இரும்பால் எவ்வளவு காலம் நிறுத்த முடியும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

கேள்வி: இடி விழாமல் காக்க முடியுமா?

தனித்து உயர்ந்து நிற்கும் மரங்களுக்குச் செம்புக் கடத்தியோடு இடிதாங்கி பொருத்துவது உண்டு. வீட்டுக்கு மிக அருகில் இருந்தால் ஆராயத் தக்கது. மழை இடியின்போது மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது என்பதே அதைவிட முக்கியம்.

கேள்வி: புயலில் மரம் சாய்ந்துவிட்டது. அதோடு முடிந்ததா?

உடனே ரம்பத்தை எடுக்காதீர்கள். வீட்டுக்கோ வழிக்கோ இடையூறாக இருப்பதை மட்டும் அகற்றிவிட்டு, ஒரு பக்க வேர்களேனும் மண்ணில் பிடிப்போடு இருக்கின்றனவா என்று பாருங்கள். வரலாற்றில் புகழ்பெற்ற வீட்டு மரங்கள் சில, விழுந்த பிறகே நெடுநாள் வாழ்ந்தவை. இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப்பில் ஐசக் நியூட்டன் பிறந்த பண்ணை வீட்டின் ஆப்பிள் மரம் 1820-இல் புயலில் சாய்ந்தது. அங்கேயே மீண்டும் வேர்பிடித்து இன்றும் வளர்ந்துவருகிறது. அதே நாட்டின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809-இல் விதையிட்டு வளர்த்த மரம்தான் பிராம்லி என்னும் சமையல் ஆப்பிள் வகையின் தாய். அதுவும் 1900-இல் விழுந்து மறுபடி தழைத்தது. அமெரிக்காவின் டான்வர்ஸில், 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜான் எண்டிகாட் தம் நிலத்தில் நட்ட பேரி மரத்தை 1964-இல் விஷமிகள் வெட்டிச் சாய்த்தபோதும், எஞ்சிய அடிக்கட்டையிலிருந்து அது துளிர்த்தது.

விழுதூன்றும் மரங்களின் கதையே வேறு. ஹவுராவின் தாவரவியல் தோட்டத்திலுள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் நோயுற்றதால் 1925-இல் அகற்றப்பட்டது. விழுதுகளின்மேல் மரம் தொடர்ந்து பரவிக்கொண்டே இருக்கிறது.

எல்லா மரமும் இப்படி எழாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென்னை, பனை போன்றவற்றில் குருத்து போனால் எல்லாம் போயிற்று.

கேள்வி: இதே மரத்தின் கன்று வேண்டுமென்றால்?

விதையிலிருந்து வருவது பிள்ளை. பதியனிலோ ஒட்டிலோ போத்திலோ வருவது அதே மரம். விதைக்கன்றில் பாதி மரபு மகரந்தம் தந்த வேறொரு மரத்தினுடையதாக இருக்கக்கூடும். கனியின் சுவையும் கிளையின் வடிவும் மாறலாம். அதே மரம்தான் வேண்டுமெனில் இளந்தண்டிலிருந்து ஒட்டுக் கட்ட வேண்டும் அல்லது பதியன் போட வேண்டும். அனுராதபுரத்தின் ஸ்ரீ மகாபோதி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயையிலிருந்து கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உலகெங்கும் உள்ள “நியூட்டன் மரங்கள்” வூல்ஸ்தோர்ப் மரத்தின் ஒட்டுகளின் வழிவந்தவை. முதுமரத்தின் தண்டு இளமரத்தின் தண்டைப்போல எளிதில் வேர்விடாது. எனவே மரம் நலமாக இருக்கும்போதே, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் முயல வேண்டும். மரம் படுக்கையில் விழுந்த பிறகு தேடுவோருக்கு நல்ல தண்டு கிடைப்பதில்லை.

கேள்வி: நிலத்தைப் பங்கிடப் போகிறோம். மரம் யாருக்கு?

பல நாட்டுச் சட்டங்களில் அடிமரம் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்நிலத்தாருக்கே மரம். எல்லைக்கோட்டின்மேல் நின்றால் இருவருக்கும் பொது என்று கொள்ளும் இடங்களும் உண்டு. வேரும் கிளையும் எல்லையை மதிப்பதில்லை என்பதால், பக்கத்துப் பங்கைப் பெற்றவர் தம் நிலத்துக்குள் கிணறோ சுவரோ தோண்டினாலும் மரம் சாகும். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே மரத்தையும், அதன் வேர்ப்பகுதியாக விட வேண்டிய ஆரத்தையும், கிளை கழிக்க யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதையும், கனி யாருக்கு, செலவு யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது. வெட்டுவதற்கு அரசின் அனுமதி தேவைப்படும் இடங்கள் பல. அதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கேள்வி: வெட்டியே ஆக வேண்டும் என்றால் எதை மிச்சம் வைக்கலாம்?

ஆபத்து உயரத்தில் மட்டும் இருந்தால், கிளைகளை நீக்கி, இரண்டு மூன்று மீட்டர் அடிமரத்தை நிற்கவிடலாம். பறவைகளுக்கும் வண்டுகளுக்கும் அது பல்லாண்டு வீடாகும். சில வகைகள் அதிலிருந்தே துளிர்க்கும்.

மரத்திலிருந்து மேசையோ கட்டிலோ செய்துகொள்ள விரும்பினால், வெட்டும் முன்பே தச்சரை அழைத்து எந்த நீளத்தில் துண்டாக்குவது என்று கேளுங்கள். விறகளவுக்குத் துண்டாக்கிய பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அறுத்தவுடன் வெட்டுமுகங்களில் மெழுகோ சாயமோ பூசினால் நுனி வெடிப்பு குறையும். பலகைகளை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே ஒரே தடிமனுள்ள குச்சிகளை வைத்து அடுக்க வேண்டும். காற்றில் உலர்த்துவதற்கு 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. அதன்படி 5 சென்டிமீட்டர் பலகைக்கு இரண்டாண்டு பொறுத்திருக்க வேண்டும்.

புதுக் கன்றைப் பழைய குழியிலேயே வைக்க வேண்டாம். அடிக்கட்டையும் வேரும் மக்கும்போது மண் இறங்கும். மரம் வேரழுகல் காளானால் செத்திருந்தால் அதே காளான் பழைய வேர்களில் பல ஆண்டுகள் காத்திருந்து இளங்கன்றையும் பற்றும். சில மீட்டர் தள்ளி, முழு வளர்ச்சியில் கிளைகள் எதுவரை நீளும் என்று பார்த்து, கூரைக்கும் மின்கம்பிக்கும் விலகிய இடத்தில் வைக்க வேண்டும்.